ஒளிரும் பாலிமரில் நுண்ணுருவங்கள்: ஃபெம்டோ நொடி லேசர் எழுத்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"லேசரால் அச்சிட்ட ஒளிரும் பிளாஸ்டிக்" என்று செய்தியில் படித்துவிட்டு விவரம் தேடுபவர்களுக்காகவும், இப்படிப்பட்ட ஆய்வகத்தில் சேரலாமா என்று யோசிக்கும் இயற்பியல், வேதியியல் மாணவர்களுக்காகவும் இந்தப் பக்கம். பெரும்பாலான பதில்களுக்கு ஒரே வேலையைத்தான் எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். பிரேசிலின் சாவ் கார்லோஸ் நகரில், சாவ் பாவுலோ பல்கலைக்கழகத்தின் இயற்பியல் நிறுவனத்தில் இருக்கும் க்ளெபர் மென்டோன்சாவும், ஹார்வர்டில் இருக்கும் எரிக் மஸூரும், அவர்களுடைய கூட்டாளிகளும் 2009-இல் வெளியிட்ட வேலை அது. எம்இஎச்-பிபிவி என்ற ஒளிரும் பாலிமரை அக்ரிலிக் ரெசினில் கலந்து, முப்பரிமாண நுண்ணுருவங்களாக எழுதிக் காட்டினார்கள்.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் லேசரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் லேசர் பகுதி பெரும்பாலும் தீர்ந்துபோன கணக்கு. தலைவலி முழுக்க அந்தத் துளி ரெசினுக்குள் இருக்கிறது.

சுருக்கமாக, என்னதான் செய்கிறார்கள்?

திரவ ரெசினில் ஒளிரும் பொருளைக் கலக்கிறார்கள். அதில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கி லென்ஸ் வழியாக லேசரை அந்தத் துளிக்குள்ளே குவிக்கிறார்கள். குவியம் இருக்கும் இடம் மட்டும் கெட்டியாகிறது. கணினி சொல்கிறபடி குவியம் மூன்று திசைகளிலும் நகர, அது போன பாதையெல்லாம் திடப்பொருளாகிறது. கடைசியில் எத்தனால் போன்ற கரைப்பானில் கழுவினால் கெட்டியாகாத ரெசின் போய்விடும், எழுதிய உருவம் தகட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும். உருவங்களின் அளவு பொதுவாகச் சில மைக்ரானிலிருந்து (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சில நூறு மைக்ரான் வரை.

புற ஊதா விளக்கே ரெசினைக் கெட்டியாக்குமே. இதற்கு ஏன் இவ்வளவு விலை உயர்ந்த லேசர்?

பல் மருத்துவர் வாயில் அடைப்பு வைத்து நீல விளக்கைக் காட்டுகிறாரே, அதுவும் ஒளியால் ரெசினைக் கெட்டியாக்கும் வேலைதான். அங்கே ஒரு ஃபோட்டான், அதாவது ஓர் ஒளித்துகள், போய் ஒரு மூலக்கூறைத் தட்டினால் போதும். அப்படிப்பட்ட ஒளியைத் துளிக்குள் குவித்தால் குவியத்துக்கு வந்து சேரும் வழியெல்லாம் ரெசின் ஒளியை உறிஞ்சும். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்ளே தனியாக ஒரு புள்ளியை மட்டும் கெட்டியாக்க முடியாது.

800 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியை எடுத்துக்கொண்டால் நிலைமை மாறுகிறது. இந்த ஒளியின் ஒற்றை ஃபோட்டானுக்கு ரெசினைத் தூண்டும் அளவு ஆற்றல் கிடையாது. அது கண்ணாடிக்குள் போவது போல ரெசினுக்குள் போய்விடும். இரண்டு ஃபோட்டான்கள் ஒரே சமயத்தில் ஒரே மூலக்கூறில் சேர்ந்தால்தான் ஆற்றல் போதும். இரண்டும் சேர்ந்தால் 400 நானோமீட்டர் ஒளிக்கு ஈடு. இப்படி இரண்டு சேர்வதற்கான வாய்ப்பு ஒளிச்செறிவின் இருமடிக்கு ஏற்றபடி கூடும். செறிவு பத்தில் ஒன்றாகக் குறைந்தால் வாய்ப்பு நூறில் ஒன்றாகிவிடும். அதனால் குவியத்தில் மட்டும் வினை நடக்கிறது, அதைவிட்டுச் சற்று விலகினால் ஒன்றும் நடப்பதில்லை.

இது நடக்கலாம் என்று கணக்கிட்டுச் சொன்னவர் மரியா கோப்பர்ட் மேயர். ஜெர்மனியின் கோட்டிங்கனில் தன் முனைவர் ஆய்வில் செய்த கணக்கை 1931-இல் விரிவாக வெளியிட்டார். அப்போது அதைச் சோதித்துப் பார்க்கும் அளவு செறிவுள்ள ஒளி யாரிடமும் இல்லை. 1960-இல் முதல் லேசர் வந்தது. மறு ஆண்டே கைசரும் காரெட்டும் யூரோப்பியம் கலந்த கால்சியம் ஃப்ளோரைடு படிகத்தில் அதைப் பார்த்துவிட்டார்கள். கோப்பர்ட் மேயருக்கு 1963-இல் நோபல் பரிசு கிடைத்தது, ஆனால் இதற்காக இல்லை, அணுக்கருவின் அடுக்கமைப்பு பற்றிய வேலைக்காக. இரு ஃபோட்டான் உறிஞ்சும் திறனை அளக்கும் அலகுக்கு அவருடைய பெயரின் முதலெழுத்துகளை வைத்திருக்கிறார்கள்.

சரி, அதற்கு ஃபெம்டோ நொடித் துடிப்பு எதற்கு? தொடர்ச்சியான லேசர் போதாதா?

ஒரு ஃபெம்டோ நொடி என்பது ஒரு நொடியின் பத்துக் கோடி கோடிப் பங்கில் ஒரு பங்கு... வேண்டாம், இப்படிச் சொன்னால் யாருக்கும் பிடிபடாது. 100 ஃபெம்டோ நொடியில் ஒளியே 30 மைக்ரான் தூரம்தான் போகும், ஒரு தலைமுடியின் பருமனைக்கூடத் தாண்டாது.

கணக்கு இதோ. சராசரித் திறன் 20 மில்லிவாட், நொடிக்கு 8 கோடித் துடிப்புகள், ஒவ்வொன்றும் 100 ஃபெம்டோ நொடி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துடிப்பின் ஆற்றல் 0.25 நானோஜூல். அது அவ்வளவு குறுகிய நேரத்தில் வந்து இறங்குவதால் அந்தக் கணத்தின் திறன் சுமார் 2500 வாட். அரை மைக்ரான் அளவு புள்ளியில் குவித்தால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி வாட் செறிவு. ஆனால் லேசர் 'எரிந்துகொண்டிருக்கும்' நேரம் மொத்த நேரத்தில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. எனவே ரெசின் சூடாகிக் கொதிப்பதில்லை. சராசரி குறைவாக, உச்சம் மிக அதிகமாக: இரு ஃபோட்டான் வினைக்கு வேண்டியது சரியாக இதுதான்.

டைட்டானியம் சஃபையர் லேசர் இதை எளிதாக்கியது. பீட்டர் மவுல்டன் 1982-இல் எம்ஐடி லிங்கன் ஆய்வகத்தில் அந்தப் படிகத்தை லேசராக இயக்கினார். 1991-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் சிபெட்டின் குழு அதிலிருந்து ஃபெம்டோ நொடித் துடிப்புகளை நேராகப் பெறும் வழியைக் கண்டது. அதற்கு முன் இந்த வேலைக்குச் சாய லேசர்களைக் கட்டிக்கொண்டு அழவேண்டியிருந்தது.

எவ்வளவு சிறிதாக எழுதலாம்?

1997-இல் ஷோஜி மருவோ, ஒசாமு நகமுரா, சதோஷி கவதா ஆகியோர் ஜப்பானில் இந்த முறையில் முதல் முப்பரிமாண நுண்ணுருவங்களை எழுதினார்கள். 2001-இல் ஒசாகாவில் கவதாவின் குழு 10 மைக்ரான் நீளமும் 7 மைக்ரான் உயரமும் உள்ள ஒரு காளையைச் செய்தது. ஏறக்குறைய ஒரு சிவப்பணுவின் அளவு. அதில் நுணுக்கம் 120 நானோமீட்டர். பயன்படுத்திய ஒளியின் அலைநீளமோ 780 நானோமீட்டர்.

ஒளியின் அலைநீளத்தைவிட இவ்வளவு சிறிய கோடு எப்படி என்று கேட்பார்கள். காரணம் வேதியியல். ரெசினில் கரைந்திருக்கும் ஆக்சிஜன், வினையைத் தொடங்கும் தனி உறுப்புகளை (ஃப்ரீ ராடிக்கல்) விழுங்கிக்கொண்டே இருக்கும். ஓர் இடத்தில் உருவாகும் தனி உறுப்புகள் அந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு மிஞ்சினால்தான் பாலிமர்ச் சங்கிலி வளரும். அதாவது ஒரு வாசல் அளவு இருக்கிறது. லேசர் திறனை அந்த வாசலுக்குச் சற்று மேலே வைத்தால், குவியத்தின் நடுப்பகுதி மட்டும் அதைத் தாண்டும். இப்படிக் கெட்டியாகும் சிறு நீள்கோளத்துக்கு வோக்ஸல் என்று பெயர். அகலத்தைவிட உயரம் எப்போதும் அதிகமாக இருக்கும், லென்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

ஒளிரும் உருவங்களுக்கு இந்த 120 நானோமீட்டர் பெரும்பாலும் தேவையே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒளி அதற்குள் பயணிக்க வேண்டுமானால் ஒரு மைக்ரானாவது பருமன் இருப்பது நல்லது.

பிபிவி, எம்இஎச்-பிபிவி என்கிறார்களே, அவை என்ன?

சாதாரண பிளாஸ்டிக் மின்சாரம் கடத்தாது, ஒளிராது. ஆனால் கார்பன் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வந்தால் எலக்ட்ரான்கள் சங்கிலியில் பரவி, பொருள் குறைகடத்தி போல நடந்துகொள்ளும். ஷிரகவா, மெக்டயர்மிட், ஹீகர் மூவரும் 1977-இல் பாலிஅசிட்டிலீனை வைத்து இந்த வழியைத் திறந்தார்கள், 2000-இல் அவர்களுக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. 1990-இல் கேம்பிரிட்ஜில் பரோஸ், பிராட்லி, ஃப்ரெண்ட் ஆகியோர் பிபிவி என்ற பாலிமரில் மின்சாரம் பாய்ச்சி மஞ்சள் பச்சை ஒளியை வரவைத்தார்கள். பாலிமர் எல்இடி அங்கே தொடங்கியது.

பிபிவியின் குறை, அது எதிலும் கரையாது. அதனால் அதன் முதுகெலும்பில் பக்கக் கிளைகளைச் சேர்த்து எம்இஎச்-பிபிவியை உருவாக்கினார்கள். இது குளோரோஃபார்ம், டொலுயீன் போன்றவற்றில் கரையும். 500 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சி, 580 முதல் 600 நானோமீட்டர் அளவில் செம்மஞ்சளாக ஒளிரும். கையாளச் சுலபம், பண்புகள் எல்லாம் நன்றாகத் தெரிந்தவை. மென்டோன்சா குழு இதைத் தேர்ந்ததில் வியப்பில்லை.

அதை ரெசினில் கலந்தால் வேலை முடிந்ததா?

இங்கேதான் ஆரம்பமே.

சாவ் கார்லோஸ் குழு வழக்கமாக எடுக்கும் ரெசின் இரண்டு அக்ரிலேட்டுகளின், அதாவது இறுகினால் அக்ரிலிக்காகும் திரவங்களின், கலவை. ஒன்று உருவத்துக்கு விறைப்பைக் கொடுக்கும், இன்னொன்று சுருக்கத்தைக் குறைக்கும். இரண்டிலும் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் மூன்று வினைக் கைகள் இருப்பதால் வலை மாதிரிப் பின்னிக்கொள்ளும். கூடவே வினையைத் தொடங்கி வைக்க லூசிரின் டிபிஓ-எல் என்ற ஒளித்தொடக்கி. இது திரவமாக இருப்பதால் நன்றாகக் கலக்கும்.

எம்இஎச்-பிபிவி நீளமான சங்கிலி, அக்ரிலேட்டோடு அதற்கு ஒட்டுறவு கிடையாது. நேராகப் போட்டால் கொதிக்கிற தண்ணீரில் ரவையை அப்படியே கொட்டியது போலக் கட்டி தட்டும். அதனால் முதலில் கரைப்பானில் கரைத்து, ரெசினோடு சேர்த்து, நன்றாகக் கலக்கி, கரைப்பானை மெல்ல ஆவியாக விடவேண்டும். கரைப்பான் முழுதும் போகவில்லை என்றால் உருவம் கொழகொழவென்று நிற்கும். அவசரப்பட்டு ஓட்டினால் பாலிமர் தனியாகப் பிரிந்து திரளும்.

திரண்டால் என்ன நட்டம்? இரண்டு. திரள் ஒளியைச் சிதறடிக்கும், குவியம் கலையும். அதோடு, சங்கிலிகள் நெருங்கி உட்கார்ந்தால் ஒன்று உறிஞ்சிய ஆற்றலை அடுத்தது வாங்கி, ஒளியாக விடாமல் வெப்பமாக விட்டுவிடும். பளிச்சென்று ஒளிரவேண்டும் என்று அதிகமாகக் கலந்தால் ஒளிர்வு கூடுவதற்குப் பதில் குறையும். அதனால் சிறிதளவுதான் சேர்க்க முடியும். 'இன்னும் கொஞ்சம் சேர்த்தால் என்ன' என்று தோன்றும். தோன்றட்டும், சேர்க்காதீர்கள்.

எழுதும் லேசரே ஒளிரும் பாலிமரைக் கெடுத்துவிடாதா?

கெடுக்கக்கூடும். மாணவர்கள் கேட்கும் கேள்விகளில் இதுதான் உருப்படியானது.

எம்இஎச்-பிபிவியும் 800 நானோமீட்டர் ஃபோட்டான்களை இரண்டிரண்டாக விழுங்கும். ஒளித்தொடக்கிக்குப் போகவேண்டிய ஒளியில் அது பங்கு கேட்கிறது. விழுங்கியதும் ஒளிரும், அது அழகாக இருக்கும். ஆனால் தூண்டப்பட்ட நிலையில் அருகில் ஆக்சிஜன் இருந்தால் சங்கிலியின் இரட்டைப் பிணைப்பு உடையும். உடைந்த இடத்தில் கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்து உருவாகும் கார்போனைல் தொகுதிகள் சுற்றியிருக்கும் ஒளிர்வையும் அணைக்கும். சங்கிலி துண்டு துண்டானால் ஒளிர்வு நீலத்தை நோக்கி நகரும். ஒளித்தொடக்கி விடும் தனி உறுப்புகளும் அதே இரட்டைப் பிணைப்பைத் தாக்கலாம்.

மேலே சொன்ன நுணுக்கத்துக்கு ஆக்சிஜன் உதவுகிறது. ஒளிர்வுக்கோ அது எதிரி. இரண்டையும் ஒரே துளிக்குள் வைத்துச் சமாளிக்க வேண்டும். எனவே வழி, எழுதுவதற்குப் போதுமான குறைந்தபட்சத் திறனைக் கண்டுபிடித்து அதற்கு மேல் போகாமல் இருப்பது. எழுதுவதற்கு முன் கலவையின் ஒளிர்வு நிறமாலையை எடுத்துவைத்து, எழுதிய பின் உருவத்தின் நிறமாலையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முகடு நகராமல் இருந்தால் பாலிமர் பிழைத்துவிட்டது. 2009 வேலையின் முக்கியமான சேதியே இதுதான்: எழுதிய பின்னும் எம்இஎச்-பிபிவி தன் ஒளிர்வைத் தக்கவைத்துக்கொண்டது.

உருவத்துக்கு மின்சாரம் கொடுத்தால் எல்இடி போல எரியுமா?

எரியாது. செய்திகளில் 'மின்னொளிர் பாலிமர்' என்று வருவதால் இந்தக் குழப்பம். எம்இஎச்-பிபிவி தனியாக மெல்லிய படலமாக இருக்கும்போது மின்சாரத்தில் ஒளிரும். இங்கே அது அக்ரிலிக் என்ற மின்காப்புப் பொருளுக்குள் அங்கங்கே சிதறிக் கிடக்கிறது. மின்னூட்டம் ஒரு சங்கிலியிலிருந்து அடுத்ததுக்குத் தாவ வழியில்லை. இந்த உருவங்கள் வேறொரு ஒளி பட்டால் ஒளிரும், அவ்வளவுதான். முப்பரிமாண நுண் எல்இடி வந்துவிட்டது என்று எழுதுபவர்களை நம்ப வேண்டாம்.

ரெசினே இல்லாமல் பிபிவியை நேராக எழுத முடியாதா?

வேறு வழி இருக்கிறது. பிபிவியைக் கரையக்கூடிய ஒரு முன்னோடிப் பாலிமராகப் படலமாக்கி, சூடாக்கிப் பிபிவியாக மாற்றுவது பழைய முறை. அப்படிக் கண்ணாடியில் பூசிய படலத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து ஒற்றைத் துடிப்பால் அடித்தால், அந்தப் புள்ளியில் உள்ள பொருள் கழன்று எதிரே வைத்த தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். இந்த இடமாற்ற அச்சு முறையை ஃபெம்டோ நொடி லேசரோடு சேர்த்து, பாக்டீரியா உருவாக்கும் செல்லுலோஸ் தாளில்கூட பிபிவியைப் பதித்துக் காட்டியது மென்டோன்சா குழு. இதில் பொருளுக்குள் மின்காப்பு ரெசின் இல்லை, ஆகவே மின்சாதனக் கனவு இந்தப் பக்கம் கொஞ்சம் நியாயமானது. ஆனால் கிடைப்பது தட்டையான புள்ளிகளும் கோடுகளும்தான். உயரமான முப்பரிமாண உருவம் வேண்டுமென்றால் திரும்பவும் ரெசினுக்கே வரவேண்டும்.

எம்இஎச்-பிபிவிக்குப் பதில் வேறு என்ன கலக்கலாம்?

ரோடமின் வகைச் சாயங்கள் எளிது. நன்றாகக் கரையும், பளிச்சென்று ஒளிரும், ஆனால் வெளுத்துப்போகும். குவாண்டம் புள்ளிகள் என்ற மிக நுண்ணிய குறைகடத்தித் துகள்கள் அவ்வளவு சீக்கிரம் வெளுக்காது, ஆனால் அவற்றின் மேல்உறை ரெசினோடு ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் திரளும் பிரச்சினை. யூரோப்பியம் போன்ற அருமண் அயனிகள் 612 நானோமீட்டரை ஒட்டி மெல்லிய சிவப்புக் கோடாக ஒளிரும். நிறத் தூய்மை வேண்டியவர்களுக்கு நல்லது.

கலந்து எழுதாமல், வெறும் ரெசினில் எழுதி முடித்த பின் சாயக் கரைசலில் ஊறவைப்பதும் உண்டு. லேசர் சாயத்தைத் தொடாது என்பது இதன் பலம். ஆனால் உருவம் முழுவதும் ஒளிரும், ஒரு பகுதியை மட்டும் ஒளிரவைக்க முடியாது. அப்படி வேண்டுமானால் இரண்டு முறை எழுத வேண்டும்: கலப்படமற்ற ரெசினில் ஒன்று, கழுவி, கலந்த ரெசினை ஊற்றி அதே இடத்தைக் கண்டுபிடித்து இன்னொன்று. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. சாவ் கார்லோஸ் குழு ஒளிர்பொருளுக்குப் பதில் ஆன்டிபயாடிக் கலந்த நுண்ணுருவங்களையும் எழுதி, அவற்றுக்கு நடுவே பாக்டீரியா எப்படி வளர்கிறது என்று பார்த்தது.

ஒளிர்வது நாம் கலந்த பொருள்தான் என்று எப்படித் தெரியும்?

நல்ல சந்தேகம். புற ஊதா அல்லது நீல ஒளியில் பார்த்தால் வெறும் அக்ரிலிக் உருவமே மங்கலாக ஒளிர்வதுண்டு. மிச்சமிருக்கும் ஒளித்தொடக்கியோ அதன் சிதைவுப் பொருளோ காரணமாக இருக்கலாம். லேசர் திறன் கூடிப்போய் ரெசின் கருகினால் அதுவும் அகன்ற நிறமாலையில் ஒளிரும். எனவே எதுவும் கலக்காத உருவம் ஒன்றை அதே நிலைமையில் எழுதி ஒப்பிட்டே ஆகவேண்டும். எம்இஎச்-பிபிவியைப் பச்சை ஒளியால் தூண்டினால் பின்னணி பெரும்பாலும் போய்விடும். பளபளக்கும் படத்தை மட்டும் போட்டு நிறமாலை போடாத கட்டுரையைக் கண்டால் சற்று நின்று படியுங்கள்.

ஒளி அந்த உருவத்துக்குள் பயணிக்குமா?

கண்ணாடித் தகட்டின் மேல் எழுதினால் பயணிக்காது. கெட்டியான அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, கண்ணாடியும் அதே அளவு. உருவத்துக்குள் பிறந்த ஒளி எல்லையை உணராமல் கண்ணாடிக்குள் கசிந்துவிடும். ஒளி உள்ளேயே எதிரொளித்துப் போகவேண்டும் என்றால் கீழே உள்ள பொருளின் விலகல் எண் குறைவாக இருக்க வேண்டும். 2009 வேலையில் இதற்கு நுண்துளைகள் நிறைந்த சிலிக்கா படலத்தை அடித்தளமாக வைத்தார்கள். துளைகளில் காற்று இருப்பதால் அதன் எண் சாதாரண சிலிக்காவைவிடக் கீழே இறங்கும். அதன் மேல் எழுதிய உருவத்தில் எம்இஎச்-பிபிவியின் ஒளி வழிநடத்தப்பட்டுப் போவதைக் காட்டினார்கள். அந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. லேசரை மாற்றவில்லை, ரெசினை மாற்றவில்லை, தரையை மாற்றினார்கள்.

வளையமாக எழுதினால் நுண் லேசர் செய்யலாமாமே?

செய்திருக்கிறார்கள், குறிப்பாகச் சாயம் கலந்த வட்டுகளிலும் வளையங்களிலும். ஒளி வளையத்தின் வெளிவிளிம்பை உட்பக்கமாக ஒட்டி முழு எதிரொளிப்பில் சுற்றிச் சுற்றி வரும். ஒரு சுற்றின் நீளத்தில் அலைகள் முழு எண்ணிக்கையில் அடங்கும் அலைநீளங்கள் மட்டும் வலுக்கும். 10 மைக்ரான் ஆரமுள்ள வளையத்தில், 600 நானோமீட்டர் அருகே, இப்படி வலுக்கும் கோடுகள் சுமார் 4 நானோமீட்டர் இடைவெளியில் வரும். ஆரத்தை இரட்டிப்பாக்கினால் இடைவெளி பாதியாகும். நிறமாலையில் சீப்புப் பற்கள் போலக் கோடுகள் தெரிந்தால் வளையம் வேலை செய்கிறது. தூண்டும் ஒளியைக் கூட்டிக்கொண்டே போகும்போது ஒரு கட்டத்துக்கு மேல் கோடுகள் திடீரென ஓங்கினால் லேசர்.

இந்த வகை அலைகளுக்குக் 'கிசுகிசுக்கும் கூடம்' என்ற பெயர் ஒலியிலிருந்து வந்தது. லண்டன் செயின்ட் பால் தேவாலயக் குவிமாடத்தில் சுவரோரம் மெல்லப் பேசினால் எதிர்ப்பக்கம் கேட்பதை ரேலி பிரபு விளக்கினார். திருச்சியில் பிறந்த நம் சி.வி. ராமனும் அதே இடத்தில் ஆய்வு செய்து 1921-இல் வெளியிட்டார், பிறகு பிஜப்பூர் கோல் கும்பஸையும் ஆராய்ந்தார். ராமன் என்றால் ராமன் விளைவோடு நிறுத்திக்கொள்கிறோம், அவருடைய ஒலியியல் வேலைகள் தனியாகப் படிக்கவேண்டியவை.

சுவரின் வழுவழுப்பு இங்கே உயிர். வோக்ஸல்களின் வரிசை விளிம்பில் மேடு பள்ளமாக விட்டுவிட்டால் ஒளி சில சுற்றுகளிலேயே சிதறிப்போகும். கோடுகளை நெருக்கமாக எழுதுவது ஒரு வழி. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ குழுவைப் போல வட்டுகளை எழுதி முடித்துச் சூடாக்கி மேற்பரப்பை மென்மையாக்குவோரும் உண்டு, அது எல்லாப் பாலிமருக்கும் ஒத்துவராது.

ஓர் உருவம் எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும்?

நீங்களே போட்டுப் பாருங்கள். கோடுகளுக்கு இடையே 0.2 மைக்ரான், அடுக்குகளுக்கு இடையே 0.5 மைக்ரான் என்று வைத்தால், 100 மைக்ரான் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தை நிரப்ப 10 மீட்டர் நீளக் கோடு வேண்டும். நொடிக்கு 100 மைக்ரான் வேகத்தில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். எதிரொளிக்கும் கண்ணாடிகளைத் திருப்பிக் கற்றையை வேகமாக நகர்த்தும் அமைப்பில் நொடிக்கு 10 மில்லிமீட்டர் கிடைத்தால் 17 நிமிடம். ஒரு கன மில்லிமீட்டரை முழுதாக நிரப்ப 10 கிலோமீட்டர் கோடு!

அதனால் யாரும் முழுதாக நிரப்புவதில்லை. வெளி ஓட்டை மட்டும் எழுதி, கழுவி, உள்ளே சிக்கிய ரெசினைப் புற ஊதா விளக்கில் கெட்டியாக்கிவிடுவார்கள். ஒளிரும் பொருள் கலந்திருந்தால் அந்தப் புற ஊதாவும் அதைக் கெடுக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஒரே புள்ளியாக எழுதாமல் ஒரு முழுப் படத்தையே ஒரே அடியில் வீழ்த்தும் முறையை 2019-இல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகமும் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகமும் சேர்ந்து காட்டின. வேகத்தில் பெரிய தாவல் அது.

ஃபெம்டோ நொடி லேசர் வாங்கக் காசில்லை. மலிவான வழி உண்டா?

உண்டு, ஆனால் ஒளிரும் உருவங்களுக்கு அதில் ஒரு கண்ணி இருக்கிறது. கார்ல்ஸ்ரூவில் மார்ட்டின் வேகனரின் குழு 2010-இல் 532 நானோமீட்டர் தொடர் லேசரை வைத்தே முப்பரிமாண உருவங்கள் எழுதியது. 2021-இல் அதே குழு, ஒரு ஃபோட்டான் மூலக்கூறை இடைநிலைக்கு ஏற்றி, இன்னொன்று அங்கிருந்து மேலே தூக்கும் ஒளித்தொடக்கியைப் பயன்படுத்தி, 405 நானோமீட்டர் டயோடு லேசரால் எழுதிக் காட்டியது. டயோடு லேசர் மலிவு, கையடக்கம்.

கண்ணி எது என்றால், எம்இஎச்-பிபிவி, ரோடமின் இரண்டுமே 532 நானோமீட்டரை ஒற்றை ஃபோட்டானாகவே ஆவலாய் உறிஞ்சும். ஒளி குவியத்துக்குப் போய்ச் சேருமுன்பே வழியில் தின்றுவிடும், வழியெல்லாம் வெளுத்தும் போகும். 405-இலும் முழுத் தப்பிப்பு கிடையாது. 800 நானோமீட்டர் அகச்சிவப்பை எதுவும் ஒற்றையாகத் தொடுவதில்லை என்பதுதான் விலை உயர்ந்த லேசரின் உண்மையான நியாயம். மலிவு முறையில் போகிறவர்கள் ஒளிர்பொருளைப் பின்னால் ஊறவைத்துச் சேர்ப்பது நல்லது.

தயாராக வாங்கவும் கிடைக்கிறது. கார்ல்ஸ்ரூவிலிருந்தே 2007-இல் பிரிந்து தொடங்கிய நானோஸ்க்ரைப் நிறுவனம் இப்படிப்பட்ட அச்சுக் கருவிகளை விற்கிறது.

எழுதிய உருவம் கழுவும்போது சாய்ந்துவிடுகிறது, சுருங்கிவிடுகிறது. என்ன செய்வது?

அக்ரிலேட் கெட்டியாகும்போது கன அளவில் பல சதவீதம் சுருங்குவது இயல்பு. அடிப்பாகம் கண்ணாடியில் ஒட்டியிருப்பதால் அது அசையாது, மேல்பாகம் இழுக்கும். கண்ணாடியை அக்ரிலேட் தொகுதி கொண்ட சிலேன் என்ற சிலிக்கன் சேர்மத்தால் முன்கூட்டியே பூசினால் ஒட்டுதல் கூடும். மெல்லிய கம்பங்கள் கரைப்பான் உலரும்போது மேற்பரப்பு இழுவிசையால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கார்பன் டை ஆக்சைடை வைத்து உய்யநிலை உலர்த்தல் (திரவம், வாயு என்ற வேறுபாடு மறையும் நிலை வழியாக உலர்த்துவது) செய்தால் அது தீரும். சுருக்கமே வேண்டாம் என்பவர்கள் கிரீட் தீவின் ஃபோர்த் ஆய்வகம் பிரபலப்படுத்திய, சிர்க்கோனியமும் சிலிக்கனும் கலந்த கலப்பினப் பொருளுக்குப் போகிறார்கள். கழுவும் கரைப்பானைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்று: டொலுயீன், குளோரோஃபார்ம் வேண்டாம். உருவத்துக்குள்ளிருந்து எம்இஎச்-பிபிவியையே அவை உருவிக்கொண்டு போகலாம். எத்தனால் போதும்.

ஆய்வகத்தில் எதற்குப் பயப்பட வேண்டும்?

கண்ணுக்கு. 800 நானோமீட்டர் ஒளி மிக மங்கலான சிவப்புப் புள்ளியாகத்தான் தெரியும், நம் கண்ணின் உணர்திறன் அங்கே ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. மங்கலாகத் தெரிவதால் பலவீனமானது என்று நினைத்துவிடுவார்கள். கண் சிமிட்டும் அனிச்சை வேலை செய்யாது. ஆனால் கண்லென்ஸ் அதை ஒழுங்காக விழித்திரையில் குவித்துவிடும். எழுதுமிடத்தில் வெறும் 20 மில்லிவாட் இருந்தாலும், லேசரிலிருந்து நேராக வரும் கற்றை ஒரு வாட்டையே தாண்டலாம். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிட்டு, அந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் மேசைக்கு வரவேண்டும். கற்றை போகும் உயரத்தில் நாற்காலி போட்டு உட்காரக் கூடாது.

அக்ரிலேட் தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வந்துவிடும், வந்தால் பெரும்பாலும் போகாது. சாதாரண லேடெக்ஸ் கையுறையை அது ஊடுருவும். நைட்ரைல் போட்டு, பட்ட உடனே மாற்றுங்கள். குளோரோஃபார்மைப் புகைக்கூண்டுக்கு வெளியே திறக்க வேண்டாம். ரெசின் புட்டியைப் பழுப்புக் கண்ணாடியில் வைத்து அலுமினியத் தாள் சுற்றுங்கள். அறை விளக்கு மஞ்சளாக இருக்கட்டும்: ஒளித்தொடக்கிக்கு வேண்டிய நீலமும் புற ஊதாவும் அதில் இருக்காது. எம்இஎச்-பிபிவிக்கு மஞ்சள் விளக்குகூடப் பிடிக்காது என்பதால் கலவை அதிகம் வெளியில் இருக்காதபடி, அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் தயாரித்துக்கொள்வது வழக்கம்.